வெற்று மாதிரி

உருக்காலைப் புகை பனியைச் சாம்பலாக்கும்
போஹீமிய ஊர் ஒன்றில்
ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி கழுவுகிறவள் நான்.
பெயர் யார்மிலா. சம்பளப் பட்டியலில் கடைசி வரி.

டாக்டர் ஸ்வதவா ஹ்ருபேஷோவா
முடியினும் மெல்லிய துளைவழி
பாதரசத்தை இறக்குவார்.
சொட்டு திரளும், கனக்கும், அறும்.
மூன்று நொடி. அடுத்தது.
"ஒரு கம்பியை நட்டுவைத்தால் போதாதா?"
என்று ஒருமுறை கேட்டேன்.
"கம்பி நேற்றையதை ஒட்டவைத்துக்கொள்ளும்.
சொட்டுக்கு முன்கதை கிடையாது"
என்றார், திரும்பிப் பார்க்காமல்.

முதலில் நைட்ரஜன் குமிழிவிட்டுக்
கரைசலில் ஒளிந்த காற்றைத் துரத்த வேண்டும்.
ஆக்சிஜன்
அழைக்காமல் வந்து எல்லாருக்கும் முன்னால் பேசும் விருந்தாளி.
அப்புறம் துளி ஜெலட்டின், அலை துள்ளாமலிருக்க.
விளக்கணைப்பார்.
மின்னழுத்தம் மெல்ல ஏற ஏற
ஆடிச்சில்லில் பட்ட ஒளிப்புள்ளி
உருளையில் சுற்றிய தாளின்மேல் ஊரும்.

இருட்டறையில் அந்தத் தாளைக் கழுவுவதும் நான்தான்.
சிவப்பு விளக்கில், மருந்துநீரில்,
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படிக்கட்டு எழும்.
சொட்டுக்கொரு பல்லாக
ரம்பம் போல் நடுங்கும் படிக்கட்டு.

படி எங்கே எழுகிறதோ, அது ஆள் யாரென்று சொல்லும்.
எவ்வளவு உயர்கிறதோ, அது எத்தனை பேரென்று.
அரை வோல்ட்டை எட்டுமுன் ஈயம்.
சற்றுத் தாண்டிக் காட்மியம்.
ஒரு வோல்ட்டின் வாசலில் துத்தநாகம்.
ஒரே கிண்ணத்தில் கலந்து கிடந்தாலும்
முறை தப்பி யாரும் முந்துவதில்லை.
எங்கள் இறைச்சிக்கடை வரிசை
ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

ஐம்பத்தேழு, பிப்ரவரி.
உலையடியில் நிற்கும் நாற்பது பேரின் ரத்தம்,
சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து.
நாற்பத்தொன்றாவது கிண்ணத்தில்
அதே அமிலம், அதே நீர். ரத்தம் மட்டும் இல்லை.
வெற்று மாதிரி.
உறைந்த குளம் போல் அந்தக் கோடு
படுத்துக் கிடக்க வேண்டும்.

எழுந்தது.
ஈயத்தின் இடத்தில், ஈயத்தின் சாயலில்.

டாக்டர் என் கைகளைப் பார்த்தார்.
கை சுத்தமில்லாதவள் என்று
எந்த வீட்டிலும் பெயரெடுத்தவளில்லை நான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கிண்ணங்களை இரவெல்லாம் நைட்ரிக்கில் ஊறப்போட்டேன்.
காலையில் ஏழுமுறை அலசினேன்.
எழுந்தது.
அமிலப் புட்டி மாற்றினோம். நீர் மாற்றினோம்.
ஜெலட்டினைக்கூட.
எழுந்தது, எழுந்தது.

"ஒன்றை மூடிவைத்துப் பார்க்கலாமா?"
பாலுக்கு மூடி தேடுகிறவளின் கேள்வி, அவ்வளவுதான்.
இரண்டு கிண்ணம்.
ஒன்று கண்ணாடிக் கவிழ்ப்பின் கீழ்.
மற்றது திறந்தபடி, ஜன்னலோரம்.

மூடியது படுத்துக் கிடந்தது.
திறந்தது படியேறி நின்றது.
டாக்டர் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார்.
அவர் நின்றுகொண்டிருந்தார்.

இயக்குநர் ஷிண்டலார் அலட்டிக்கொள்ளவில்லை.
"கழித்துவிடுங்கள். வெற்று எதற்கு இருக்கிறது?"
அதுதான் முறையும். மாதிரியிலிருந்து வெற்றைக் கழி,
மிச்சம் உண்மை.
நாற்பது பேருக்கும் கழித்தார் டாக்டர்,
ஒரு தசமம் பிசகாமல்.
பிறகு நாற்பத்தொன்றாவது வரியைத் தாமே எழுதினார்:
பெயர் இல்லை. தொழில் இல்லை.
இடம், ஜன்னலோரம்.
அலையின் உயரம், பதினொரு மில்லிமீட்டர்.

அறிக்கை திரும்பி வந்தது.
அந்த வரியின்மேல் மட்டும் சிவப்புப் பென்சில்.
"கிண்ணத்தை வெளியே வையுங்கள்" என்றார்.
வைத்தேன்.

சொட்டுக்கு முன்கதை கிடையாது.
எனக்கு உண்டு. அந்த ஜன்னலுக்கு நேரெதிரே
பாலர் பள்ளி முற்றம்.
நீலக் கம்பளித் தொப்பியில்
பனியை அள்ளித் தின்கிறவன் என் மகன்.

அன்றிரவும் தாளைத் தட்டில் இறக்கினேன்.
ஆட்டினேன், மெல்ல, விளிம்பைப் பிடித்து.
அரை வோல்ட்டுக்குச் சற்று முன்னால்
கோடு நிமிரத் தொடங்கியது.